ஒட்டக்கூடாத கட்டை

— இன்னொரு தபா அமுக்கு தாஸு. உள்ள தள்ளி, பன்னெண்டாவது கட்டத்துல.

— அமுக்கிகினுதான கீறேன் மச்சான். தோ, கேளு.

— இப்ப விரல எடுத்துட்டு சும்மா அதே கம்பிய தட்டு.

— தோ.

— இன்னா கேட்டே?

— ரெண்டும் ஒண்ணாதான் கீது. கொஞ்சம் முன்ன பின்ன.

— கொஞ்சமா? சும்மா தட்டினா ஒரு சுதி, அமுக்கினா அதுக்கு மேல ஏறிகினு ஒரு சுதி. ஒரே கம்பி ரெண்டு நாக்கு வெச்சிகினு பேசுது. இந்த கிட்டார தூக்கிகினு நாளைக்கி பொதட்டூர்பேட்ட ஜாத்திரையில நான் மேடை ஏறணுமா?

— கம்பி முறுக்கற கீய லேசா திருவி பாக்கட்டா?

— திருவினா ரெண்டும் சேந்து ஏறும், ரெண்டும் சேந்து எறங்கும். நடுவுல கீற சண்ட தீராது. ஷிப்டு உட்டு வந்ததுலேந்து இதையேதான் சொல்லிகினு கீறேன். செம பேஜாரு தாஸு உன்னோட.

— எனக்கு டிரம்மு தட்டதாம்ப்பா தெரியும். ஏதோ நீ சொல்ற எடத்துல அமுக்கறேன். அதுக்கு போய்...

— தாஸு அண்ணே, இந்தாங்க டீ. இவரு கத்தறத காதுல வாங்காதீங்க. நான் ஒண்ணு கேக்கறேன், நாயத்த சொல்லுங்க. பள்ளிப்பட்டுல எங்க நைனா ஊட்டுக்கு என்ன பொண்ணு பாக்க வந்தாரே, அப்ப எத்தினி தபா நிமிந்து பாத்தாரு தெரியுமா? ஒரே தபா. பாத்தாரு, சரின்னுட்டாரு, கேசரிய துன்னுட்டு பூட்டாரு.

— கெங்கா, கம்முனு இரு.

— இந்த கிட்டாரு வாங்க மட்டும் மூர் மார்க்கெட்டுக்கு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ரயிலு ஏறினாரு அண்ணே. இதுக்கு வாய் பெருசு. அதுக்கு இடுப்பு சரியில்ல. இன்னொண்ணு கழுத்து குட்டை. என்ன பாக்கறப்ப இந்த கண்ணெல்லாம் எங்கயா போயிருந்திச்சி?

— வாய் சின்னதாதாண்டி இருக்கணும். வட்டமா பெருசா இருந்தா அது வேற ஜாதி கிட்டாரு. அது சத்தத்த வவுத்துக்குள்ளயே வெச்சிக்கும். இது தூக்கி முன்னால எறியும். நம்ம பாட்டு பார்ட்டியில மைக்கு ரெண்டே ரெண்டு. ஒண்ணு பாடற ஆம்பளைக்கு, ஒண்ணு பாடற பொம்பளைக்கு. கிட்டாருக்கு எவன் மைக்கு தரான்?

— தங்கச்சி, அதுவும் இல்லாம அந்த பிரெஞ்சுக்கார துரை குடுத்தாரு பாரு ரிக்கார்டு, அதோட அட்டையில இதே மாதிரிதான் கீது. சின்ன வாயி, வாலுல இரும்பு தகடு, ரெண்டு பக்கமும் மீசை வெச்சா மாதிரி வளைஞ்ச கட்டை. கல்கத்தாவுல செஞ்சதுன்னாலும் பாக்கறதுக்கு அதே ஜாடை.

— எனக்கே அந்த கதைய சொல்றீங்களா அண்ணே? ஆஸ்பத்திரியில கட்டிலாண்ட நான்தான நின்னுகினு இருந்தேன். உங்க கம்பெனிக்கு புது மிஷினு மாட்ட வந்த ஆளு. வந்தாரு, இவரு எடது கையில கீற கட்டு துணிய பாத்தாரு, நர்ஸம்மாவாண்ட இன்னாவோ கேட்டாரு. நான்தான் சொன்னேன், பிரஸ்ஸு மிஷின்ல ரெண்டு விரலு பூட்ச்சி, கிட்டாரு வாசிக்கற கையி சார்னு. மறுநாளு அந்த ரிக்கார்டு தட்ட கொணாந்து இவரு மடியில வெச்சிட்டு, தன் கையில ரெண்டு விரல மடக்கி, ரெண்ட நீட்டி காட்டினாரு. ஒரு சாத்துக்குடி வாங்கியாந்தாரா? இல்ல. நம்ம ஊட்ல ரிக்கார்டு போட இன்னா கீது? என் தலைல தான் வெச்சி சுத்தணும்.

— நம்ம பார்ட்டிய நடத்தற ராஜமாணிக்கம் அண்ணன் மைக் செட்டு கடையில போட்டு கேட்டோமே தங்கச்சி. அப்பப்பா! ஒருத்தன் சக்கு சக்குன்னு ரயிலு ஓட்றா மாதிரி அடிக்கறான், அந்த அட்டையில கீற ஆளு அதுக்கு மேல குருவி மாதிரி பறக்கறாரு.

— ரெண்டு விரல்ல தாஸு. அத சொல்லு. அவரு வண்டியையே ஊடா வெச்சிகினு ஊர் ஊரா போற ஜனமாம். அந்த வண்டி ஊடு தீ புடிச்சி கை வெந்து, ரெண்டு விரலு மடங்கியே போச்சாம். கம்பெனி எஞ்சினியர் சாரு அட்டையில இங்கிலீசுல எழுதியிருந்தத படிச்சி சொன்னாரு. அவரால ஆவும்னா என்னால ஏன் ஆவாது?

— ஆவும் மச்சான். ஆவாதுன்னு யாரு சொன்னா?

— ராஜமாணிக்கம் சொல்றாரே. மூஞ்சிக்கு நேரா சொல்லல. ‘அரசப்பா, புது கிட்டாரு வாங்கிட்டியாமே, நாளைக்கி வந்து வாசி, பாக்கலாம்’னாரு. பாக்கலாம்னா இன்னா அர்த்தம்? வேன்ல எனக்கு பக்கத்துலயே அந்த செவ்வாப்பேட்ட கிட்டாரு ஆளையும் ஏத்திகினு வராரு. மொத பாட்டு சரியில்லன்னா ரெண்டாவது பாட்டுக்கு அவன் குந்துவான். அதுக்கப்பறம் நான் ஜென்மத்துக்கும் கம்பெனி ஸ்டோர்ல குந்திகினு டோக்கன் குடுக்கற ஆளுதான்.

— அப்பிடி எல்லாம் ஆவாது. ஏசப்பா பாத்துக்குவாரு.

— ஏசப்பா சுதி சேப்பாராடா? கம்பிய உடு. கீய உடு. அந்த கட்டைய பாரு. கம்பி எல்லாம் ஏறி குந்துது பாரு, அந்த பிரிட்ஜு கட்டை.

— அதுக்கு இன்னா?

— அது ஒரு நூலு முன்னால கீது. அதான் கோளாறு. கம்பிய கொஞ்சம் தளத்திட்டு அத வால் பக்கமா லேசா தள்ளு. ரெண்டு சுதியும் தானா ஒண்ணாயிடும்.

— தள்றதா?

— ஆமா.

— அது வராதுப்பா.

— இன்னாடா வராது? கட்ட விரலால தள்ளினா வரும்.

— வராது மச்சான். நான் ஒட்டிட்டேன்.

— இன்னா சொன்னே?

— ஒட்டிட்டேன். அரால்டைட்டு போட்டு.

— டேய்!

— ஏன்பா கத்தறே? எதிரூட்டு கொயந்த எழுந்துக்க போவுது.

— எவன்டா உன்ன ஒட்ட சொன்னான்? கட்டைய இழைச்சி கம்பி ஒசரத்த கொறைன்னு தான உன்னாண்ட குடுத்தேன்?

— கொறைச்சேன். ஒருத்தன் பூந்து போற ஒசரத்துல இருந்திச்சி, இப்ப பத்து பைசா காசு நொழையற ஒசரம்தான் கீது. அதுக்காண்டி கம்பி எல்லாத்தையும் கழட்டனேன். கழட்டனதும் அந்த கட்டை தொபுக்குன்னு கீழ உழுந்திச்சி. எனக்கு பகீர்னு ஆயிட்ச்சி. அடப்பாவி, கட்டைய ஒட்டாம வெறும் கம்பியாலயே இழுத்து புட்ச்சி வெச்சி வித்துட்டானே, நம்ம அரச ஏமாத்திட்டானேன்னு கண்ணுல தண்ணியே வந்திட்ச்சி.

— அது அப்பிடிதாண்டா இருக்கணும்!

— எப்பிடி?

— ஒட்டாம! கம்பி மேலேந்து அமுக்குற அமுக்குலதான் அது நிக்கணும். கம்பியோட முனை வாலுல கீற தகட்டுல மாட்டிக்கும், நடுவுல கட்டை சும்மா குந்திகினு இருக்கும். சுதி பாத்து முன்ன பின்ன நவுத்திக்கலாம். அதான் இந்த ஜாதி கிட்டாரோட சூச்சுமமே. கடைக்காரரு படிச்சி படிச்சி சொன்னாரு, கட்டைய மட்டும் ஒட்டிடாதீங்கன்னு.

— யாராண்ட சொன்னாரு?

— என்னாண்ட.

— நீ என்னாண்ட சொன்னியா?

— ஒரு மனுசன் வேல மெனக்கெட்டு போய் கட்டைய ஒட்டுவான்னு நான் இன்னா கனவா கண்டேன்?

— சொன்னியா, இல்லியா?

— சொல்லல.

— அப்போ கத்தாத. நான் ஒண்ணும் ஏனோதானோன்னு ஒட்டல. வார்னீஷ எமரி பேப்பரு போட்டு சொரண்டி, ரெண்டு டியூப்பையும் சரிக்கு சரி கலக்கி, கிளாம்ப்பு போட்டு டைட்டு பண்ணி, மறுநாளு வரைக்கும் தொடாம வெச்சேன். வாய்க்கும் வாலுக்கும் நட்ட நடுவுல. ஸ்கொயர் வெச்சி பாத்தேன். ஒரு மசுரு கோணல் கெடையாது. லாரி ஏறினா கூட அந்த கட்டை வராது.

— பெருமைய பாருடி இவனுக்கு! எடமே தப்பு, கோணல் இல்லையாம்.

— யோவ், நீ சொல்லாதது உன் தப்பு. அவர இன்னாத்துக்கு வையறே? அண்ணே கைக்கு ஆடற சாமான் கிடைச்சா உடுவாரா? நம்ம ஊட்டையே பாரேன். போன மாசம் வந்தாரு, கதவு கீலு ஆடுதுன்னு முடுக்கிட்டு பூட்டாரு. இப்ப கதவு சாத்தறதுக்கு ரெண்டு ஆளு வோணும். அடி பம்பு கைப்பிடிய முடுக்கினாரு, தெருவுல பொம்பளைங்க எல்லாம் அதுல தொங்கறாங்க.

— ஆடிச்சே தங்கச்சி.

— பம்பு கைப்பிடி ஆடாம இன்னா பண்ணும் அண்ணே?

— எனக்கு தாங்கல. அவ்ளோதான். சிரிக்கறதுன்னா சிரிங்க. மச்சான் கை போன அன்னைக்கி நான் மூணாவது ஷிப்டு. வந்து பாக்கறேன், பிரஸ்ஸு மேல இன்னும் ரத்தத்த கூட தொடைக்கல. கை உள்ள போவாம தடுக்குற அந்த இரும்பு கார்டு கீது பாரு, அதோட போல்ட்ட தொட்டேன். ஸ்பானரே வோணாம், விரலாலயே சுத்துது. கடகடன்னு சுத்துது. அன்னைலேந்து எது ஆடினாலும் என் கை சும்மா இருக்காது. கோயில்ல பெஞ்சு ஆடினா கூட ஃபாதரு பிரசங்கம் காதுல ஏறாது, எழுந்து போய் முட்டு குடுத்துட்டு வருவேன்.

— அண்ணே, நான் சும்மா வெளாட்டுக்கு...

— தெரியும் தங்கச்சி. நான் ஏன் ஒட்டினேன்னு சொன்னேன். நாளைக்கி மேடை மேல வாசிக்கறப்ப அது கழண்டு உழுந்தா? அரசு மூஞ்ச எல்லாரும் பாப்பாங்களே. அத நெனச்சிதான் ஒட்டினேன்.

— இது மிஷினு இல்ல தாஸு. ஆடறதெல்லாம் கைய வெட்டாது.

— எனக்கு இன்னாப்பா தெரியும்?

— ஆமா, உனக்கு இன்னா தெரியும்? பத்து விரலும் கீறவனுக்கு இன்னா தெரியும்?

— யோவ்! இன்னா பேச்சு பேசறே?

— உடு தங்கச்சி. அவன் சொல்லட்டும். இந்தா மச்சான் உன் கிட்டாரு. கம்பி தட்டறதுக்குன்னு பேக்லைட்டுல ஒரு சில்லு தேய்ச்சி குடுத்தேனே, அது பையில கீது. நான் வரேன். காத்தால வேன்ல பாக்கலாம்.

— குந்துங்க அண்ணே. டீ அப்பிடியே கீது. நீ ஒரு வார்த்த சொல்லுயா. ஆஸ்பத்திரியில உனக்கு சோறு ஊட்டினது யாரு, நானா? எனக்கு அந்த கைய பாத்தாலே மயக்கம் வந்திட்ச்சி. இவருதான ஊட்டினாரு?

— குந்துடா.

— எதுக்கு?

— குந்துன்னா குந்து. வாய் தவறி வந்திட்ச்சி. எனக்கு எது மேல கோவம்னே தெரியல, கையில கெடைக்கறவன் மேல உழுவறேன்.

— எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல.

— இருந்தா இருக்கட்டும், குந்து. இப்ப அந்த கட்டைய எப்பிடி எடுக்கறது? அத சொல்லு.

— சூடு காட்டினா இளகும். ஹாக்ஸா பிளேட்ட ஸ்டவ்வுல காய்ச்சி, கட்டைக்கு அடியில மெதுவா உட்டு உட்டு எடுக்கணும். ஆனா மேல் பலகை அப்பளம் மாதிரி மெல்லிசா கீது மச்சான். கொஞ்சம் ஏறுமாறா ஆச்சின்னா கருகும். இல்லாங்காட்டி பொளந்துடும்.

— பொளந்தா பொளக்கட்டும்.

— நெசமாவா?

— பொளந்திட்ச்சின்னா இன்னா பண்றது? கிட்டாரு பொளந்து போச்சி, வர முடியலன்னு ராஜமாணிக்கத்தாண்ட சொல்லிட வேண்டிதான். யாரும் தப்பு சொல்ல முடியாது. நீ போய் காட்டினா அவரே நம்புவாரு.

— ஏன்யா, இத சொல்றப்ப உன் மூஞ்சி ஏன் தெளிவாவுது?

— எவன் மூஞ்சி?

— உன் மூஞ்சிதான். இத்தினி நேரம் சுண்டைக்கா மாதிரி இருந்திச்சி. பொளந்துடும்னு அண்ணே சொன்னதும் மலந்துடுச்சி.

— போடி, ஸ்டவ்வ பத்த வெய்யி. கிருஷ்ணாயிலு கீதா?

— கீது கீது. தையல் மிஷினுக்கு சேத்து வெச்ச டப்புல வாங்கின சாமான், அண்ணே. பொளந்தா பொளக்கட்டும்னு இவரு சொல்லலாம், நான் சொல்ல மாட்டேன். பாத்து செய்யுங்க. பிளேடு எங்க? குடுங்க, நான் காய்ச்சி தரேன்.

— இந்தா தங்கச்சி. பல்லு தேஞ்ச பழைய பிளேடுதான். துணி சுத்தி புடி. செவக்க வுடாத, செவந்தா பலகை கருகிடும். ஈரத்துணி ஒண்ணு வோணும், சுத்தி போடறதுக்கு. மச்சான், நீ கிட்டார புடிச்சிக்கோ, கம்பி எல்லாம் கழட்டறேன்.

— நீயே மடியில வெச்சிக்கோ. நான் விளக்கு புடிக்கறேன்.

— பட்டப்பகல்ல விளக்கு எதுக்குயா?

— பொழுது சாஞ்சிகினு கீது இல்ல.

— தங்கச்சி, அந்த பிளேட்ட குடு. ஏசப்பா, ராயப்பா, யாரா இருந்தாலும் கூட நில்லுங்க. ம்... உள்ள போவுது.

— வாசனை வருது தாஸு.

— பசை வாசனைப்பா, கட்டை இல்ல. இன்னொரு தபா காய்ச்சி தா தங்கச்சி. இந்த பக்கம் பாதி வந்திட்ச்சி.

— இந்தாங்க. கைய சுட்டுக்காதீங்க.

— பேசாத இருங்க ரெண்டு பேரும். இப்ப... இப்ப...

— டக்குன்னு இன்னாடா சத்தம்? பொளந்துட்ச்சா?

— வந்திட்ச்சி!

— பொளந்துட்ச்சா தாஸு?

— இல்லப்பா! கட்டை மட்டும் தனியா வந்திட்ச்சி. பாரு, முழுசா. பலகையில ஒரு எடத்துல மட்டும் லேசா கருப்பு, அது மீசைக்கு அடியில மறைஞ்சிடும். தங்கச்சி, உன் கைராசி.

— முருகா! எனக்கு உசுரே இல்ல அண்ணே. இன்னாயா, வாய தொறந்து நல்ல வார்த்த சொல்லேன்.

— நல்லா பாத்தியா? அடியில எங்கனா விரிசல் உட்டிருக்கும்.

— தட்டி பாத்துட்டேன் மச்சான். கணீர்னு கீது. பசைய சொரண்டிட்டு கம்பி மாட்டிடறேன். நீ சொல்லிகினே இரு, நான் கட்டைய நவுத்தறேன். ஒட்டாமதான் வெக்கப் போறேன். டியூப்ப கூட பைக்குள்ள போட்டுட்டேன்.

— மொதல்ல ஓரத்து கம்பி ரெண்டையும் மாட்டு. அதுங்க புடிச்சிக்கும்.

— மாட்டிட்டேன். அட, நிக்குது! ஒண்ணும் இல்லாமயே நிக்குதுப்பா.

— நான் சொல்லல? மீதிய மாட்டி சுதி ஏத்து. ஏத்திட்டு சும்மா தட்டு. இப்ப பன்னெண்டுல அமுக்கு. இன்னும் ஏறுது. வால் பக்கம் தள்ளு.

— இவ்ளோவா?

— இன்னும். இப்ப தட்டு. அமுக்கு. ஐயோ, எறங்கிட்ச்சி. கொஞ்சம் முன்னால வா.

— அண்ணே, நானும் கேக்கறேன், இருங்க. சும்மா தட்டுங்க. அமுக்குங்க. இன்னும் ஒரு கடுகத்தன முன்னால.

— உனக்கு இன்னாடி தெரியும் சுதி?

— எங்க ஊட்ல நான்தான் பஜனையில சுதிப்பெட்டி. நவுத்துங்க அண்ணே. தட்டுங்க. அமுக்குங்க. ஆங்! அங்கயே நிறுத்துங்க! ரெண்டும் ஒண்ணு. அச்சு அசல் ஒண்ணு.

— மச்சான்?

— ம். ஒண்ணுதான்.

— நவுத்தாதீங்க அண்ணே, கண்மை டப்பா எடுத்தாறேன். கட்டையோட ரெண்டு ஓரத்துலயும் ஒரு பொட்டு வெச்சிட்டா, நாளைக்கி வேன்ல ஆடி நவுந்தா கூட திரும்ப அதே எடத்துல வெச்சிக்கலாம்.

— இது நல்ல யோசனை தங்கச்சி. ஒட்டறதுக்கு பதிலா பொட்டு. இத யாரனா மொதல்லயே சொல்லியிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன். வெய்யி. ஆங். அவ்ளோதான். இந்தா மச்சான், வாங்கு.

— கம்பி புதுசுடா. ராத்திரி அப்பிடியே கெடக்கட்டும். இழுத்து நிக்கணும்.

— கொஞ்சம் வாசியேன். சத்தம் எப்பிடி எறியுதுன்னு பாக்கலாம்.

— கழுத்து லேசா வளைஞ்சா மாதிரி கீது.

— இல்லப்பா. ஸ்டீல் ஸ்கேலு வெச்சி பாத்துட்டேன். நேரா கீது.

— கை ஈரமா கீது.

— யோவ், இங்க பாரு. நான் ஒண்ணு சொல்லட்டா? இந்த சாமான் ஊட்டுக்கு வந்ததுலேந்து நீ ஒரு தபா கூட அமுக்கல.

— யாரு சொன்னா?

— நான் சொல்றேன். இந்த ஒத்த ரூம்ல நீ செய்யறது எனக்கு தெரியாம எங்க செய்வே? கடையில கூட கடைக்காரர்தான் வாசிச்சி காட்டினாருன்னு நீயேதான சொன்னே. இங்க வந்தா தாஸு அண்ணே அமுக்கணும், நீ கேப்பே. கம்பி ஒசரம்னே. கம்பி சரியில்லன்னே. சுதி சேரலன்னே. நீ தொடச்சே, துணி போட்டு மூடினே, ரிக்கார்டு அட்டைய பக்கத்துல வெச்சி பாத்தே. அந்த கையால நீ அத தொடவே இல்ல.

— தங்கச்சி, உடு.

— ஏன் உடணும் அண்ணே? நாளைக்கி அத்தினி ஜனத்துக்கு முன்னால மொத தபாவா தொடப் போறாரு? எனக்கு பயமா கீது. இவருக்கும் பயம்தான், கிட்டாரு மேல பழிய போட்டுகினு கீறாரு.

— பயமா? எனக்கா? குடுடா அத.

— இந்தா. பாத்து, கட்டையில முட்டிக்காத.

— தெரியும்டா. பேக்லைட்டு சில்லு எங்க?

— இந்தா.

— ரெண்டு பேரும் ஏன் என் கையவே பாக்கறீங்க? அந்தாண்ட பாருங்க.

— சரிப்பா. நான் பாக்கல. தங்கச்சி, நீயும் திரும்பிக்கோ.

— திரும்பிட்டேன். வாசிக்கட்டும்.

— தோ, அமுக்கறேன்.

— இன்னாயா, ஒண்ணும் கேக்கலியே?

— அமுக்கிகினுதாண்டி கீறேன்.

— மச்சான், கம்பி முழுசா அழுந்தல போல. டொப்பு டொப்புன்னு செத்த சத்தம் வருது. இன்னும் கொஞ்சம் கெட்டியா.

— இதுக்கு மேல கெட்டியா அமுக்கினா பக்கத்து கம்பி மேல உழுவுது. இரு. இன்னொரு தபா.

— மெதுவாயா. அவசரம் இல்ல.

— இன்னொரு தபா.

— பரவால்ல மச்சான். மொத நாளுதான? அந்தாளு கூட ஒரே நாள்ல வாசிச்சிருக்க மாட்டாரு.

— நாளு எங்கடா கீது? காத்தால வேனு வருது. தாஸு, கம்பி ஒசரமா கீதா?

— பத்து பைசா ஒசரம்தாம்ப்பா.

— கழுத்து?

— நேரா கீது.

— கெங்கா, சுதி?

— ஒண்ணா கீதுயா. பொட்டு வெச்ச எடத்துலதான் கீது.

— அப்போ கிட்டாருல ஒரு தப்பும் இல்ல.

— ஒரு தப்பும் இல்ல மச்சான்.

— நல்லா பாத்து சொல்லு.

— ஏசப்பா மேல சத்தியமா இல்ல.

— தாஸு, அந்த அரால்டைட்டு மிச்சம் கீதா?

— பையில கீது. எதுக்குப்பா?

— அந்த பழைய எடத்துலயே திருப்பி ஒட்டிடுடா.